சபைன் பேரிங்-கூல்ட்: பாட்டுத் தேடிப் போன பாதிரியாரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் ஒரு கிராமத்துப் பாதிரியார் இருந்தார். நாவல் எழுதினார், தேவாலயப் பாட்டு எழுதினார், புனிதர்களின் வரலாறு எழுதினார், ஓநாய் மனிதர்களைப் பற்றிக்கூட எழுதினார். இதற்கெல்லாம் நடுவில் எழுதப் படிக்கத் தெரியாத கிழவர்களிடமும் கிழவிகளிடமும் உட்கார்ந்து நாட்டுப்பாட்டுகளைக் குறித்துக்கொண்டார். அவரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே வரும் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே ஒன்றாகத் தருகிறேன்.

யார் இந்த பேரிங்-கூல்ட்?

1834 ஜனவரி 28 அன்று தென்மேற்கு இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் பிறந்தவர். அப்பா எட்வர்ட் கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப்படையில் அதிகாரியாக இருந்து ஊர் திரும்பியவர். ஓர் இடத்தில் நிலையாக உட்கார அவருக்குப் பிடிக்காது. மனைவி மக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஐரோப்பா முழுக்கச் சுற்றினார். அதனால் சபைன் முறையாகப் பள்ளிக்கூடம் போனது மொத்தம் இரண்டு வருடம் இருந்தால் அதிகம். ஆனால் அந்தச் சுற்றலில் பல மொழிகள் காதில் விழுந்து ஒட்டிக்கொண்டன. அப்புறம் கேம்பிரிட்ஜில் கிளேர் கல்லூரிப் படிப்பு, சசெக்ஸில் ஏழு வருடம் பள்ளி ஆசிரியர் வேலை, 1864இல் குருப்பட்டம். 1924 ஜனவரி 2 அன்று, தொண்ணூறு நிறைய நான்கு வாரம்கூட இல்லாத நேரத்தில் இறந்தார். அச்சில் வந்த அவருடைய எழுத்துகளை எண்ணினால், சிறு வெளியீடுகளையும் சேர்த்து 1,200ஐத் தாண்டும்.

சபைன் என்பது பெண் பெயர் இல்லையா?

இங்கே அது ஒரு குடும்பப் பெயர். அப்பாவின் தாய்மாமன் எட்வர்ட் சபைன், ஆர்க்டிக் கடல் பயணம் போனவர், பூமியின் காந்தத்தை ஆராய்ந்த விஞ்ஞானி. அவர் நினைவாக வைத்தார்கள்.

அவர் எழுதியதில் உலகம் முழுக்கத் தெரிந்தது எது?

'ஆன்வர்ட், கிறிஸ்டியன் சோல்ஜர்ஸ்' என்ற பாமாலைப் பாட்டு. யார்க்‌ஷயரில் ஹார்பரி என்ற ஊரில் உதவிக் குருவாக இருந்தபோது எழுதியது. பெந்தெகொஸ்தே பண்டிகைக்குப் பிள்ளைகள் சிலுவையும் கொடியுமாக ஹார்பரி பிரிட்ஜிலிருந்து மேட்டுக் கோயில்வரை பவனி போக வேண்டும். நடக்கும்போது பாட ஒரு பாட்டு வேண்டுமே என்று அவசரமாக எழுதிக் கொடுத்தார். எதுகை சில இடத்தில் சரியாக உட்காரவில்லை என்று பின்னாளில் அவரே ஒத்துக்கொண்டார். 1871இல் ஆர்தர் சல்லிவன் புது மெட்டுப் போட்டதும் பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. 1941இல் அட்லாண்டிக் சாசனப் பேச்சுக்காக ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் ஒரு போர்க்கப்பலில் சந்தித்தபோது நடந்த ஆராதனையில் இதையும் பாடினார்கள், தேர்ந்தெடுத்தவர் சர்ச்சில்.

போர்ப்பாட்டு என்று இதைச் சிலர் ஒதுக்குகிறார்கள். ஒரு மில் ஊரின் குழந்தைகள் மேடு ஏறுவதற்காக எழுதியது என்பது தெரிந்தால் காதில் வேறு மாதிரி விழுகிறது. எனக்கு அப்படித்தான் ஆனது.

மில்லில் வேலை செய்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டாராமே?

ஆமாம். அதே ஹார்பரியில் கிரேஸ் டெய்லர் என்ற பெண். அறிமுகமானபோது அவளுக்கு 14 வயது, மில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை. இவரோ முப்பது வயதான, நிலபுலன் உள்ள வீட்டின் மூத்த மகன். கிரேஸை யார்க் நகரத்துக்கு அனுப்பி, நடுத்தர வர்க்கத்துப் பேச்சும் பழக்கமும் கற்க ஏற்பாடு நடந்தது. 1868 மே மாதம் கல்யாணம். ஒருவர் இன்னொருவரைத் தன் அளவுக்கு வெட்டித் தைத்தது போன்ற ஏற்பாடு இது; இன்று படிக்கும்போது உறுத்துகிறது, உறுத்தவும் வேண்டும். கிரேஸின் மனதில் என்ன இருந்தது என்பதை நாம் கேட்க முடிவதில்லை, பேசுவதெல்லாம் அவர்தான்.

ஆனால் 48 வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். 15 பிள்ளைகள், ஒன்று தவிர எல்லோரும் பெரியவர்களானார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். 1916இல் கிரேஸ் இறந்தபோது கல்லறையில் லத்தீனில் மூன்று சொல் செதுக்கச் சொன்னார். 'என் உயிரில் பாதி' என்று அர்த்தம்.

தன்னைத்தானே பாதிரியாராக நியமித்துக்கொண்டார் என்பது உண்மையா?

உண்மை, அதில் சட்டமீறல் எதுவும் இல்லை. டெவன் மாவட்டத்தில் லூ டிரென்சர்ட் என்ற சின்ன ஊர் இவர்கள் குடும்பத்துப் பண்ணை. 1872இல் அப்பா இறந்ததும் சுமார் 3,000 ஏக்கர் இவருக்கு வந்தது. அந்தச் சேகரத்துக்கு, அதாவது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள ஊர்ப் பகுதிக்கு, குருவை நியமிக்கும் உரிமையும் நிலத்தோடு சேர்ந்தே வந்தது. ஆனால் அங்கே சித்தப்பா சார்லஸ் குருவாக இருந்தார். 1881இல் அவர் காலமானதும், உரிமை கையில் இருந்த சபைன் அந்த இடத்துக்குத் தன் பெயரையே போட்டுக்கொண்டார். இப்படி மிராசுதாரும் பாதிரியாரும் ஒரே ஆளாக இருப்பது அன்றைய இங்கிலாந்தில் பல ஊர்களில் உண்டு.

சின்ன வயதிலேயே மூன்று காரியம் செய்ய வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தாராம்: ஊர் மக்களின் ஆன்மிக வாழ்வைச் சீர்ப்படுத்துவது, கோயிலைப் புதுப்பிப்பது, குடும்ப வீட்டைப் புதுப்பிப்பது. கோயிலில் நடுத்தளத்துக்கும் பீடத்துக்கும் இடையே நின்ற பழைய செதுக்கு மரத்தடுப்பைத் தாத்தா காலத்தில் பிடுங்கி எறிந்திருந்தார்கள். அதைத் திரும்ப எழுப்பினார். செதுக்கியவர்கள் எர்மிங்டன் பாதிரியாரின் மகள்களான பின்வில் சகோதரிகள். பெண்கள் உளி பிடிப்பது அரிதான காலம் அது. லூ டிரென்சர்ட் போகிறவர்கள் அந்தத் தடுப்பின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

நாவல்கள் எப்படி? இன்றும் படிக்கலாமா?

எல்லாவற்றையும் படியுங்கள் என்று சொல்ல மாட்டேன். வீடு புதுப்பிக்கவும் பிள்ளைகளை வளர்க்கவும் பணம் வேண்டும். அதற்காகவும் எழுதினார், வேகமாக எழுதினார். கதை திடீரென்று விபத்தால் திரும்பும், முடிச்சு நம்பும்படி இருக்காது. ஆனால் நிலம் மட்டும் ஒருபோதும் பொய்யாக இருக்காது. சேறு, பாறை, காற்று, அந்த ஊர் ஆட்களின் பிழைப்பு எல்லாம் நேரில் பார்த்தவர் எழுத்து.

ஒன்றே ஒன்று படிப்பதென்றால் 1880இல் வந்த 'மெஹாலா'. லூ டிரென்சர்ட் வருவதற்கு முன் பத்து வருடம் எசெக்ஸ் கடலோரத்தில் கிழக்கு மெர்சி என்ற தீவுச் சேகரத்தில் இருந்தார். அந்த இடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. உப்புச் சதுப்பு, சேறு, கொசு. பிடிக்காத இடத்திலிருந்துதான் அவருடைய மிகச் சிறந்த நாவல் பிறந்தது. சதுப்பின் நடுவே ஒரு மேட்டில் தாயோடு வாழும் மெஹாலா என்ற பெண். அந்த மேட்டையே விலைக்கு வாங்கி, அதோடு அவளும் தனக்குத்தான் என்று நினைக்கும் எலைஜா ரீபோ என்ற நிலக்காரன். அவள் அவனை வெறுக்கிறாள். அவன் விடுவதாக இல்லை. முடிவு மிகக் கொடூரமானது. படிக்கப் போகிறவர்களுக்காக அதைச் சொல்லாமல் விடுகிறேன். கவிஞர் ஸ்வின்பர்ன் இதை எமிலி பிரான்டியின் 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலோடு ஒப்பிட்டார். அந்த உயரத்தை முழுக்க எட்டவில்லை என்பது என் எண்ணம். ஆனால் மெஹாலாவின் கோபம் அசலானது. அந்தக் காலத்து நாவல்களில் இவ்வளவு கோபப்படும் ஏழைப் பெண்கள் அதிகம் இல்லை.

பிடித்துப்போனால் அடுத்து, கார்ன்வால் கடற்கரையின் கடத்தல்காரர்களைப் பற்றிய 'இன் த ரோர் ஆஃப் த சீ' (1892), சர்ரேயில் நடக்கும் 'த புரூம்-ஸ்குவயர்' (1896).

ஓநாய் மனிதர்களைப் பற்றி ஒரு பாதிரியார் ஏன் எழுதினார்?

பிரான்சில் ஒரு பழங்காலக் கல் சின்னத்தைப் பார்க்கப் போய், திரும்பும்போது இருட்டிவிட்டது. வழித்துணைக்கு ஊரில் ஒருவரும் வரவில்லை, வெளியில் ஓநாய் மனிதன் திரிகிறான் என்று நடுங்கினார்கள். தனியாக நடந்து வந்தவருக்கு இந்த நம்பிக்கையின் வேரைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. 1865இல் புத்தகமாக வந்தது. பிராம் ஸ்டோக்கர் 'டிராகுலா'வுக்காகக் குறிப்பெடுத்த நூல்களில் அதுவும் ஒன்று.

நாட்டுப்பாட்டு சேகரிக்கும் யோசனை எப்படி வந்தது?

ஒரு விருந்துச் சாப்பாட்டில். 1888இல் டாவிஸ்டாக் அருகே மவுண்ட் டாவியில் டேனியல் ராட்ஃபர்ட் என்பவர் வீட்டில் பேச்சு பழைய பாட்டுகள் பக்கம் திரும்பியது. சின்ன வயதில் கேட்டதை ஆளுக்கு ஒன்றாக நினைவுபடுத்தினார்கள். யாராவது இதையெல்லாம் சேர்த்து வைக்காவிட்டால் அழிந்துபோகும், நீங்களே செய்யுங்கள் என்று ராட்ஃபர்ட் சொன்னார். இவருக்கு அப்போது 54 வயது.

முதலில் பத்திரிகையில் கடிதம் எழுதிப் பாட்டு கேட்டார். பதில் வந்தது பெரும்பாலும் படித்த, வசதியான வீடுகளிலிருந்து. அசல் பாட்டு அங்கே இல்லை என்பது சீக்கிரமே புரிந்தது. கூலி வேலை செய்கிறவர்கள், எழுத்து தெரியாதவர்கள், ஊர்ச் சாராயக் கடையில் கணப்பு ஓரமாக உட்கார்ந்திருக்கும் கிழவர்கள், இவர்களிடம்தான் இருந்தது. அவர்களிடமும் கேட்டவுடன் கிடைத்துவிடவில்லை. இளைஞர்கள் நகரத்துப் புதுப் பாட்டுகளுக்கு மாறிவிட்டார்கள். பழசு நாகரிகமில்லாதது என்ற எண்ணம் பரவியிருந்தது. பாடுங்கள் என்று யாரும் கேட்டுப் பல வருடமாகியிருந்த தொண்டைகள் அவை.

யார் யார் பாடினார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பல சேகரிப்புகளில் பாட்டு இருக்கும், பாடியவர் பெயர் இருக்காது. இவர் பெயர், ஊர், தொழில் எல்லாம் எழுதி வைத்தார்.

ஜேம்ஸ் பார்சன்ஸ் என்பவர் லூ டவுனில் வேலி வெட்டும் கூலியாள். 'பாட்டு மெஷின்' என்பது அவருடைய அப்பாவுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர். தெற்கு பிரெண்ட் ஊரில் ராபர்ட் ஹார்ட், கால் சரியில்லாமல் இரண்டு கம்பை ஊன்றி நடப்பவர், சாலைக்குக் கல் உடைத்துப் பிழைத்தவர். அதே ஊரில் ஜான் ஹெல்மோர், மாவு மில்காரர். லான்சஸ்டனில் தோல் பதனிடும் ஜேம்ஸ் ஆல்வர். மேரி டாவியில் சாம் ஃபோன். த்ரஷல்டன் பக்கம் 'ஜிஞ்சர் ஜாக்' என்று கூப்பிடப்பட்ட கொல்லர் ஜான் வுட்ரிச்.

ஹக்கபி பாலத்தருகே இருந்த சாலி சாட்டர்லி பாட்டியிடம் பாட்டு வாங்கியதுதான் கஷ்டம். கை சும்மா இருந்தால் அவருக்குப் பாட்டு வராது. உட்கார்ந்து பாடச் சொன்னால் வார்த்தை நின்றுவிடும். சரி, வேலை செய்துகொண்டே பாடுங்கள் என்று விட்டுவிட்டு, அவர் வீட்டுக்குள் இங்கும் அங்கும் நடக்க, பாதிரியார் நோட்டுப் புத்தகத்தோடு பின்னாலேயே ஓடி ஓடி எழுதினார். பாட்டு அவர் கையிலும் காலிலும்தான் இருந்தது. இதைப் புரிந்துகொண்டு பின்னால் போன மிராசுதாரை எனக்குப் பிடிக்கிறது.

மெட்டுகளை அவரே எழுதினாரா?

பாதிதான். வரிகளை எழுதிக்கொள்வார், பியானோவில் கட்டையைத் தட்டித் தட்டி மெட்டைப் பிடிக்கவும் செய்வார். ஆனால் கேட்டவுடன் சுரம் எழுதும் அளவுக்கு இசைப் பயிற்சி இல்லை. ஃப்ளீட்வுட் ஷெப்பர்ட் என்ற பாதிரியார் யார்க்‌ஷயரிலிருந்து ரயிலேறி வந்து உதவினார். இன்னொருவர் ஆக்ஸ்ஃபர்டைச் சேர்ந்த ஃபிரெடெரிக் புஸ்ஸல். 1889 முதல் நான்கு பகுதிகளாக வந்த 'சாங்ஸ் அண்ட் பாலட்ஸ் ஆஃப் த வெஸ்ட்' இவர்கள் மூவரின் உழைப்பு.

பாட்டு வரிகளை மாற்றிவிட்டார் என்று குறை சொல்கிறார்களே?

குறை நியாயமானது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

கிராமத்துப் பாட்டில் காதலும் உடம்பும் மறைவில்லாமல் வரும். 1889இல் அச்சடித்த பாட்டுப் புத்தகம் போகிற இடமோ வசதியான வீட்டு வரவேற்பறைப் பியானோ. வாசிப்பது அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள். அசல் வரிகளோடு எந்தப் பதிப்பகமும் போட்டிருக்காது, ஒரு பாதிரியாரும் போட்டிருக்க மாட்டார். அதனால் பல பாட்டுக்குப் புது வரி எழுதினார், குறையாகக் கிடைத்தவற்றை நிரப்பினார். 'ஸ்ட்ராபெரி ஃபேர்' இன்று குழந்தைகள் பாடும் இனிமையான பாட்டு. மெட்டு அசல், வரிகள் அவருடையவை. பழைய வரியில் ஒரு பெண்ணிடம் சாவியில்லாத பூட்டு இருப்பதாக வரும், இரட்டை அர்த்தம் யாருக்கும் புரியும்.

ஆனால் இரண்டு விஷயத்தைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகும். ஒன்று, மாற்றியதைப் பல இடத்தில் புத்தகக் குறிப்பிலேயே ஒப்புக்கொண்டார். இரண்டு, கேட்டபடி எழுதிய வரிகளை அவர் தூக்கி எறியவில்லை. சுத்தமாகப் பிரதி எடுத்த கையெழுத்துப் படியை 1914இல் பிளிமத் நகர நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். அச்சில் போட முடியாததைப் பின்னால் வருகிறவர்கள் பார்க்கட்டும் என்ற ஏற்பாடாகவே இதை நான் எடுத்துக்கொள்கிறேன். 1992இல் டெவனில் உள்ள கில்லர்டன் மாளிகையில், அங்கே வைக்கப்பட்டிருந்த அவருடைய நூலகப் புத்தகங்களுக்கு நடுவே இன்னும் சில கையெழுத்துப் படிகளும் களக் குறிப்பேடுகளும் கிடைத்தன. இன்று அவருடைய திருத்தத்தை நாம் வரிக்கு வரி கண்டுபிடித்துக் குறை சொல்ல முடிகிறதே, அதற்கான ஆதாரத்தைப் பாதுகாத்து வைத்தவரும் அவரேதான்.

ஆங்கில நாட்டுப்பாட்டு என்றால் செசில் ஷார்ப்தானே முதல் ஆள்?

ஷார்ப் சேகரிக்கத் தொடங்கியது 1903இல், சோமர்செட்டில். பேரிங்-கூல்ட் அதற்குப் பதினைந்து வருடம் முன்பே களத்தில் இருந்தார். இவருக்கும் முன்பே ஜான் பிராட்வுட் என்ற இன்னொரு பாதிரியார் 1843இல் சசெக்ஸ் பாட்டுகள் சிலவற்றை அச்சிட்டிருக்கிறார். ஷார்ப்புக்கு இவர்மேல் மிகுந்த மரியாதை. 1905இல் 'சாங்ஸ் ஆஃப் த வெஸ்ட்' 121 பாட்டுகளோடு திருத்திய பதிப்பாக வந்தபோது இசைப் பகுதியைக் கவனித்தவர் ஷார்ப். அப்புறம் பள்ளிக்கூடங்களுக்காக ஒரு பாட்டுத் தொகுப்பும் இருவரும் சேர்ந்து போட்டார்கள்.

'விடிகம் ஃபேர்' அவர் எழுதியதா?

இல்லை, அவர் பரப்பியது. டாம் பியர்ஸ் என்பவரின் சாம்பல் நிறக் குதிரையை இரவல் வாங்கி, ஒரு கூட்டமே அதன்மேல் ஏறிச் சந்தைக்குப் போகிறது. குதிரை செத்துப்போய், ராத்திரியில் டெவனின் தார்ட்மூர் என்ற பாறை மேட்டுவெளியில் ஆவியாக அலைகிறது. ஒவ்வொரு அடி முடிவிலும் போனவர்கள் பெயரெல்லாம் வரிசையாக வந்து 'அங்கிள் டாம் காப்ளி அண்ட் ஆல்' என்று முடியும். இவருடைய புத்தகத்தில் வந்த பிறகுதான் டெவனுக்கே அடையாளப் பாட்டானது. 'டாம் காப்ளி வரை எல்லோரும்' என்பது ஆங்கிலத்தில் இன்றும் சொல்வழக்கு.

கிறிஸ்துமஸ் பாட்டு ஏதாவது உண்டா?

காபிரியேல் தூதன் மரியாளிடம் வரும் 'காபிரியேல்ஸ் மெசேஜ்'. அது பாஸ்க் மொழிப் பாட்டு. சிறுவனாகப் பிரான்சின் தெற்கில் குளிர்காலம் கழித்தவர், பின்னாளில் அதை ஆங்கிலத்தில் நான்கு அடிகளாக எழுதினார். 'நவ் த டே இஸ் ஓவர்' என்ற மாலைப் பாட்டும் அவருடையதே.

தார்ட்மூரில் என்ன செய்தார்?

1894இல் தார்ட்மூர் ஆய்வுக் குழு கிரிம்ஸ்பவுண்ட் என்ற வெண்கலக் காலக் குடியிருப்பைத் தோண்டியது. அந்தக் குழுவின் செயலாளர் இவர். அவர்கள் தோண்டிய முறையையும் மறுபடி கல் அடுக்கிய விதத்தையும் இன்றைய தொல்லியலார் ஏற்பதில்லை. சரிதான். ஆனால் அங்கே மக்கள் குடியிருந்த வீடுகள் இருந்தன என்பதை முதலில் வெளியே கொண்டுவந்தவர்கள் அந்தக் குழுவினர்.

சொந்த மகளையே அடையாளம் தெரியாமல் கேட்டாராமே?

குழந்தைகள் விருந்து ஒன்றில் ஒரு சிறுமியிடம் குனிந்து, "நீ யார் வீட்டுப் பிள்ளை கண்ணு?" என்று கேட்க, "உங்க பிள்ளைதான் அப்பா" என்று அவள் அழுதுவிட்டாள் என்பார்கள். எல்லோரும் சொல்லும் கதை. நடந்ததோ இல்லையோ, பதினைந்து பிள்ளை பெற்று எப்போதும் மேசை முன் நின்றபடியே எழுதிக்கொண்டிருந்த ஓர் அப்பாவின் வீடு எப்படி இருந்திருக்கும் என்பதை அது சொல்லிவிடுகிறது.

இத்தனையில் எதைத் தன் முக்கியமான வேலையாக நினைத்தார்?

பாட்டுகளைத்தான். மேற்குச் சீமையின் மெட்டுகளை மீட்டதே தன் வாழ்நாளின் தலையான காரியம் என்று வயதான காலத்தில் எழுதினார். பதினாறு தொகுதி புனிதர் வரலாறு எழுதியவர் சொன்னது இது.

நான் எங்கிருந்து தொடங்கலாம்?

காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் 'மெஹாலா'வும் 'சாங்ஸ் ஆஃப் த வெஸ்ட்'டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கையெழுத்துப் படிகளை லண்டனில் உள்ள வான் வில்லியம்ஸ் நினைவு நூலகம் தன் தளத்தில் பக்கம் பக்கமாகப் படம்பிடித்துப் போட்டிருக்கிறது. அச்சுப் புத்தகத்தில் ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதே பாட்டைக் கையெழுத்துப் படியில் தேடுங்கள், இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். பாட்டோடு பாடியவர் பெயரும் இருக்கும். ராபர்ட் ஹார்ட், தெற்கு பிரெண்ட். ஜேம்ஸ் பார்சன்ஸ், லூ டவுன். முதலில் அந்தப் பெயரைப் படித்துவிட்டு அப்புறம் பாட்டுக்கு வாருங்கள்.